பெட்டிக்குப் பின்னால மாமன்

உக்காருலே மருமகனே. உன் வீடுதான், இருந்தாலும் உக்காரு. சென்னையில ஹாலுக்கு நடுவுல தேர் மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கியாமே, அதைக் கண்ணால பார்த்துட்டுப் போவோம்னுதான் கோவில்பட்டியில ரயிலேறி வந்தேன். சாமி அலமாரியை அடுக்களைக்குத் தள்ளிட்டு இதுக்கு இடம் விட்டதா உன் வீட்டுக்காரி சொல்லிச்சு. சொல்லும்போது சிரிக்கலை, அதைக் கவனிச்சுக்க.

மேல கலர் விளக்கு, ரெண்டு ஸ்டிக்கு, வரிசையாப் பட்டன். உள்ள மூவாயிரம் கேம் இருக்குதாம். மூவாயிரம்! நேத்து ராத்திரி நீ முக்கால் மணி நேரம் அந்த லிஸ்ட்டை மேலயும் கீழயும் உருட்டின. ஜவுளிக்கடையில சேலை பார்க்கிறவங்க தோத்தாங்க. கடைசியில எப்பவும் போல முஸ்தபா கேமைத் தொட்ட. செத்த, பட்டனை அமுக்கின, உயிர் வந்துச்சு. மறுபடி செத்த, மறுபடி அமுக்கின. அப்புறம் கொட்டாவி விட்டுட்டுப் படுக்கப் போயிட்ட. தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டு நான் அத்தனையும் பார்த்தேன். கடை நடத்துனவனுக்கு அந்தப் புத்தி லேசுல போகாது.

காலையில காப்பி டம்ளரை வச்சுக்கிட்டு, "மாமா, அந்தக் காலத்துச் சந்தோஷம் வர மாட்டேங்குதே"ன்னு அழாத குறையாக் கேட்ட. எப்படி வரும்? நீ பெட்டியைத்தானே வாங்கின. என்னை வாங்கலையே.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல இருந்த நம்ம கேம் கடையை மறந்திருக்க மாட்ட. மூணு பெட்டி, கேசட் போடுற டிவி ரெண்டு, ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் என் பக்கம் மட்டும்தான் திரும்பும். ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். வர்ற ரூபாயில முக்கால்வாசி பசை வாசம் அடிக்கும். நம்ம பக்கம் பிள்ளைக எல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுத் திண்ணையில உக்காந்து தீப்பெட்டி ஒட்டினதுகதானே. சனிக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ்ல சம்பளம் போடுவான், சாயங்காலம் நம்ம கடையில திருவிழா. ஒட்டின விரலோட வந்து ஸ்டிக்கைப் பிடிப்பானுவ. ராத்திரி கடை சாத்துறதுக்கு முன்னாடி ஈரத்துணி வச்சு நான்தான் துடைப்பேன். உனக்கு இதெல்லாம் பொற்காலம். எனக்கு அது பசை.

அந்த முஸ்தபா கேம் ஜப்பான்ல கேப்காம் கம்பெனிக்காரன் 1993ல விட்டது. அதோட பேரு 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. அமெரிக்காவுல வந்த ஒரு படக்கதையை வச்சுச் செஞ்சது. அந்தப் பேரை நம்ம ஊர்ல எவன் சொன்னான்? நாலு பேர்ல மஞ்சத் தொப்பி போட்டவன் முஸ்தபா, பறந்து உதைப்பான், அவ்வளவுதான், கேமுக்கே அவன் பேரு. 1996ல 'காதல் தேசம்' படம் வந்து அந்தப் பாட்டு டீக்கடைக்கு டீக்கடை ஓடுச்சுல்ல, ரகுமானே நம்ம கேமைப் பார்த்துதான் பாட்டுப் போட்டாருன்னு நீ கடையில நின்னு சத்தியம் பண்ணின. மறுத்துப் பேசுனவன் மண்டையில கொட்டு வேற. குதிக்கிறதையும் அடிக்கிறதையும் சேர்த்து அமுக்கினா முஸ்தபா ஒரு சுத்துச் சுத்தி, நெருங்கி நிக்கிறவனை எல்லாம் சாய்ப்பான். ஆனா அவன் உயிர்லயும் ஒரு துணுக்குக் குறையும். உனக்கு அந்தக் கணக்கே புரியலை. எடுத்ததுக்கெல்லாம் சுத்துவ. உயிர் போனதும் திரையில பத்து, ஒம்பது, எட்டுன்னு எண்ண ஆரம்பிப்பான். "மாமா, காயின்! காயின்!"னு உன் குரல் கடைத்தெரு வரைக்கும் கேக்கும். மத்த நேரமெல்லாம் சில்லறை இல்லைன்னு அலைய விடுற எனக்கு அந்தப் பத்து செகண்ட்ல மட்டும் கை மின்னலா ஓடும். அந்தப் பத்து செகண்ட்லதான்லே என் வீட்டு உலை கொதிச்சுது.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், டம்ளரைக் கீழ வச்சிரு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் பெட்டி ஞாபகம் இருக்கா, 1991ல வந்ததே, ரெண்டாம் பாகம்? அதோட பின்கதவைத் திறந்தா பலகையில பல்வரிசை மாதிரி பொடிப்பொடியா ஸ்விட்ச் இருக்கும். அதுல மூணை மேல கீழ தள்ளினா ஆட்டத்தோட கஷ்டம் எட்டுப் படி ஏறும், இறங்கும். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் கீழ்ப்படியில வச்சிருப்பேன். "அடேங்கப்பா, நமக்குக் கை வந்துருச்சு"ன்னு பயலுவ நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போவானுவ. சனிக்கிழமை மத்தியானம் சோறு தின்னுட்டு வந்து ஒரு தீக்குச்சி வச்சு மேல தள்ளிருவேன். ஆமாலே, தீக்குச்சிதான். நம்ம ஊர்ல ஸ்க்ரூ டிரைவருக்கு எவன் செலவழிப்பான்?

ஒரு தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நீ இருவது காயின் தோத்துட்டு, "என் கையில என்னமோ கோளாறு மாமா"ன்னு சுவத்துல சாய்ஞ்சு அழுத. கையில கோளாறு இல்லை. இருவத்தெட்டு வருசத்துக்கு மேலா மனசுல வச்சிருந்தேன், இன்னைக்கு இறக்கிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேக்காத. நீ வச்ச லைட்டருக்கும் அதுக்கும் சரியாப் போச்சு.

லைட்டர் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எங்க அக்கா கேஸ் அடுப்பு வாங்கின மறுவாரமே அந்தக் கிளிக்கிளி லைட்டரைக் கால்சட்டைக்குள்ள சொருகிட்டு வந்த. காயின் போடுற ஓட்டைக்கிட்ட வச்சு அமுக்கினா பொறி ஒண்ணு தெறிக்கும். அந்த அதிர்ச்சியைக் காயின் விழுந்ததுன்னு மெஷின் தப்பா எண்ணிக்கும். ஊரே தீப்பெட்டி ஒட்டிச் சாப்பிடுது, அந்த ஊருக்குள்ள லைட்டரோட வந்த முதல் துரோகி என் மருமகன்! அன்னைக்கே 'லைட்டருக்கு அனுமதி இல்லை'ன்னு அட்டையில எழுதித் தொங்கவிட்டேன். இருவது ரூபாய்க்குக் கீழ இருக்கிற சிகரெட் லைட்டரை வெளிநாட்டுல இருந்து இறக்கக் கூடாதுன்னு டெல்லிக்காரன் 2023லதான் தடை போட்டான். நம்ம தொழிலைக் காப்பாத்துறதுல எங்க கடை அரசாங்கத்துக்கு முன்னோடி.

சரி, கடைக்காரன்தான் களவாணி, கேம் செஞ்ச மகராசன் யோக்கியன்னு நினைக்காத. மேரியோ கேம்ல மேல மிதக்கிற மேகமும் கீழ முளைச்சிருக்கிற புதரும் ஒரே படம்தான், வெள்ளையை வழிச்சுட்டுப் பச்சையைப் பூசி வச்சிருக்கான். 1985ல அவனுக்குக் கிடைச்ச இடம் மொத்தமே 40 கிலோபைட். நீ தினமும் குடும்ப வாட்ஸ்அப்புல போடுற பூங்கொத்துப் படத்தை விடவும் அது சின்னதுன்னு என் பேத்தி கணக்குப் போட்டுச் சொன்னா. அவன் அதுக்குள்ள ஒரு ராஜ்ஜியமே கட்டினான், நீ பூங்கொத்து அனுப்புற.

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'னு 1978ல நிஷிகாடோங்கிற ஜப்பான்காரர் செஞ்சாரு. மேல இருந்து எறங்கி வர்ற பூச்சிகளைச் சுடச் சுட, மிஞ்சினது விறுவிறுன்னு வரும். என்ன மூளைன்னு எல்லாரும் வாயைப் பிளந்தாங்க. முதல்ல அவரு அப்படி நினைச்சுச் செய்யலை. பூச்சி நிறைய இருந்தா அத்தனையையும் வரைஞ்சு முடிக்க மெஷின் திணறும். குறைஞ்சா பாரம் இறங்கின மாட்டு வண்டி மாதிரி ஓடும். ஓடுறதைப் பார்த்தாரு, இதுவும் நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டாரு. நம்ம ஊர்க் கொத்தனார் சுவர் கோணினா 'வாஸ்து'ம்பாரே, அதே கதை.

இன்னொண்ணு கேளு, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. டிவி கேம்ல கான்ட்ரா போட்டதும், மேல மேல கீழ கீழ, இடம் வலம் இடம் வலம், பி, ஏன்னு மந்திரம் மாதிரி முணுமுணுத்து அமுக்குவீங்களே, முப்பது உயிர் வரும்னு? அந்த மந்திரத்துக்கு ரிஷி யாரு தெரியுமா? கோனாமி கம்பெனியில காசுஹிசா ஹாஷிமோட்டோன்னு ஒருத்தர். 1986ல 'கிரேடியஸ்' கேமை வீட்டு டிவிக்குத் தோதா மாத்தி, சரியா ஓடுதான்னு ஆடிப் பார்த்தாரு. முடிக்க முடியலை. தான் செஞ்சது, தனக்கே முடியலை! சத்தமில்லாம இப்படி ஒரு திருட்டு வாசலை வச்சுக்கிட்டாரு. எடுக்க மறந்துட்டாங்க, கேசட்டோட ஊருக்குள்ள வந்துருச்சு. ஆக, செஞ்சவன் லைட்டர் வைக்கிறான், கடைக்காரன் தீக்குச்சி வைக்கிறான், நடுவுல நீ ஒருத்தன்தான் திறமையை நம்பி நின்னிருக்க.

கேசட்டைக் கழட்டி மூச்சுப் பிடிச்சு ஊதினீங்களே, அதுவும் அப்படித்தான். கழட்டித் திரும்பச் சொருகினதுல அது ஓடுச்சு, உங்க ஊதல்ல இல்லை. ஊதினதுல எச்சில் பட்டுத் தகடு கறுத்ததுதான் மிச்சம். ஊத வேண்டாம்னு நான் ஏன் சொல்லலைன்னு கேக்கிறியா? ஊதுற நேரமும் வாடகையில ஓடுச்சுல்ல.

இப்ப உன் பையனைப் பத்திக் குறைப்பட்டுக்கிற. எந்நேரமும் போனைக் குத்துறானாம். அந்தக் கேம் ஃப்ரீ மாமாங்கிற. ஃப்ரீயாக் கடை வச்சவனை நான் பார்த்ததே இல்லையே. நேத்து அவன் பக்கத்துல உக்காந்து கவனிச்சேன். சரியா ஒரு கையளவு மிச்சம் இருக்கும்போது பையன் தோக்கிறான். உடனே வைரம் வாங்குன்னு ஒரு பெட்டி துள்ளிக்கிட்டு வந்து நிக்குது. எனக்குப் பழைய வாடிக்கைக்காரனைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. அந்தக் கேம்காரனும் நம்ம தொழில்தான்லே, தீக்குச்சிதான் வேற. சனிக்கிழமைக்குன்னு காத்திருக்க மாட்டான், ஆளுக்கு ஆள், நிமிசத்துக்கு நிமிசம் தள்ளுவான் போல. அன்னைக்கு எங்க அக்கா விளக்குமாத்தைத் தூக்கிட்டு என் கடை வாசலுக்கு வந்து சந்தே கூடுற மாதிரி ஏசினா. நான் ரெண்டு நாள் உன்னை உள்ள விடலை. உன் பொண்டாட்டி விளக்குமாத்தைத் தூக்கினா எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கும்? காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேமுக்கு ராத்திரி 12 மணியில இருந்து காலையில 5 மணி வரைக்கும் பூட்டுன்னு 2025ல நம்ம சர்க்கார் விதி கொண்டாந்தாங்க. நான் ஒம்பதரைக்கே ஷட்டரை இழுத்தவன். பெருமைக்குச் சொல்லலை, எனக்குத் தூக்கம் வந்துரும்.

அந்தக் காலத்துச் சந்தோஷம்தானே வேணும்? இந்த ஹாலுக்குள்ளயே கொண்டாந்துறலாம். ஏசியை நிறுத்து. பின்னாடி நிக்க நாலு பேரைப் பிடி, ஒருத்தனுக்கும் ஆடத் தெரியக் கூடாது, ஆனா எல்லாரும் யோசனை சொல்லணும். பாஸ் சாகப் போற நேரம் பார்த்து யாராவது மெயினை அணைக்கணும், கரண்ட்டு போனா காயின் திரும்ப வராதுன்னு ஒரு குரல் வரணும். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா உனக்கு வயித்தைக் கலக்கணும். உங்கப்பா, அதான் என் மச்சான், சாமிகிட்டப் போய்ச் சேர்ந்துட்டாரு, அந்த வேலைக்கு உன் வீட்டுக்காரியைக் கேட்டுப் பார்த்தேன். சம்பளம் இல்லாமலே செய்யறேன்னு சொல்லிச்சு.

மிச்ச வேலையை நானே முடிச்சுட்டேன். நேத்து நீ படுக்கப் போனப்புறம் பேரன் வந்து, "தாத்தா, அப்பா சாகவே மாட்டேங்கிறாரு, எனக்கு ஆட்டமே வரலை"ன்னான். பெட்டிச் சாவி டிவிக்குக் கீழ இருக்குன்னும் அவன்தான் காட்டினான். இந்தக் காலத்துப் பெட்டியில ஸ்விட்ச் வரிசை இல்லை. உள்ள ஒரு பட்டன், அமுக்கினா கஷ்டத்தை ஏத்துறதுக்கும் இறக்குறதுக்கும் பட்டியலே வருது. எனக்கு இங்கிலீஷ் ஓடலை, பேரன்தான் படிச்சான். உச்சிக்கு ஏத்தியாச்சு. காயினுக்குன்னு முன்னாடி ஒரு பட்டன் இருந்துச்சே, அதோட ஒயரை உருவிப் பின்பக்கமா இழுத்து அவன் கையில கொடுத்திருக்கேன்.

அதனால இன்னைக்கு ராத்திரி மூணாவது நிமிசமே முஸ்தபா விழுந்தா மெஷினைத் திட்டாத. பத்து எண்ணுறதுக்குள்ள சோபாவுக்குப் பின்னாடி திரும்பிக் கேளு. ஆட்டம் ஒண்ணுக்குப் பத்து ரூபாய்னு சொன்னான். நான் அஞ்சு வைடான்னேன், கேக்கலை. கடன் கிடையாதாம், அட்டையில எழுதிக்கிட்டு இருக்கான்.