கத்திரிக்காய்ப் பரீட்சை

கேள்வி: சந்தைக்குச் சென்றால் என் கணவர் கத்திரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்து, வைர வியாபாரியைப் போல் அரை மணி நேரம் சோதிக்கிறார். கடைக்காரர் முகம் சுளிக்கிறார். இதை நிறுத்த உபாயம் உண்டா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: அம்மணி, நிறுத்திவிடாதீர்கள்! எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பின் பாதிச் சமையல் அடுப்பங்கரையில் அன்று, சந்தையிலேயே நடந்தேறிவிடுகிறது. காம்பு பசுமை மாறாமலும், தோல் பளபளப்புக் குன்றாமலும், கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் விழாமல் உடனே நிமிர்ந்துகொள்ளும் சுபாவத்தோடும் இருக்கிற பிஞ்சே உத்தமம்; முற்றிய காயோ விதை மலிந்து கசந்து, இல்லத்தரசியின் கீர்த்திக்கே பங்கம் விளைவிக்கும். மேலும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் ஜில்லாவின் இலவம்பாடிக் கத்திரிக்காய் முள்ளுள்ள ஜாதியாகையால், அவசரக்காரரை அதுவே தண்டித்துவிடும். ஆகவே உங்கள் கணவரின் நிதானம் விவேகமே.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். காம்பைக் கொய்துவிடாமல் அடிப்புறமிருந்து நான்காகக் கீறி, கீறிய இடம் கறுக்காதிருக்கத் தண்ணீரில் இட்டுவைத்து, மல்லியும் மிளகாயும் எள்ளும் தேங்காயும் வறுத்தரைத்த விழுதை அடைத்து, நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசல் விட்டு எண்ணெய் பிரிந்து மிதக்கும்வரை சிறு தீயில் கொதிக்கவைக்கும் அந்தத் திருப்பணியை, குறிப்பாக விழுதை அம்மியில் அரைக்கும் பாகத்தை, பரீட்சை அதிகாரியிடமே ஒப்படைத்துவிடுங்கள். அடுத்த வாரம் அரை மணி நேரம் ஐந்து நிமிஷமாகச் சுருங்கிவிடும்; கடைக்காரர் முகமும் மலர்ந்துவிடும்!