காற்று சரியில்லை

ஸ்காட்லாந்தின் எந்த மீன்பிடி மன்றத்திலும் இவர் ஒருவர் இருப்பார். ட்வீட் தொப்பி, தொப்பியைச் சுற்றி இறகும் நூலுமாகக் கட்டிய பொய் ஈக்கள், உடம்பெல்லாம் பை வைத்த மேல்சட்டை. எல்லாப் பையிலும் ஏதோ இருக்கும், மீனைத் தவிர.

கின்ராஸ் ஊரை ஒட்டிய லாக் லீவன் ஏரியில் மன்றத்தார் கூடியிருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கிப் படகுக்கு இருவர். இவரோடு சேர்ந்தவர் அண்மையில்தான் தூண்டிலைத் தொட்ட ஒரு பல் மருத்துவர். பாவம் என்றுதான் நினைத்தோம்.

கரையை விட்டதும் சுள்ளென்று வெயில். ஜாதகக் கட்டத்தைப் பார்க்கும் ஜோசியர் மாதிரி வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ட்ரவுட் மீனுக்கு இமை கிடையாது. வெளிச்சம் என்றால் ஆழத்துக்குப் போய்விடும்.” உண்மைதான். அவர் சொல்வதில் பொய்யே இருக்காது, அதுதான் கொடுமை. சற்று நேரத்தில் மேகம் மூடியது. “திடீரென்று இருட்டினால் மீன் மிரளும்.” கீழ்காற்று எழுந்தது. “கீழ்காற்றில் எந்த மீன் கடித்தது?” காற்று மேற்கே திரும்பியது. “அலை அதிகம், படகு ஓடுகிறது.” ஆலங்கட்டி விழுந்தது, அதற்குக் காரணம் தேவைப்படவில்லை. பிறகு காற்றே நின்றது. “அலையில்லாவிட்டால் நூல் மீன் கண்ணில் படுமே!” அந்த அமைதியில் கடித்தவை கொசுவினும் சிறிய மிட்ஜ் பூச்சிகள் மட்டுமே.

வானம் மாறும்போதெல்லாம் ஈயும் மாறும். கேட் மக்லாரனை அவிழ்த்து சோல்ஜர் பாமர், அதை அவிழ்த்து பிளடி புட்சர். தூண்டில் தண்ணீரில் கிடந்ததைவிட அவர் மடியில் கிடந்த நேரமே அதிகம். மற்றவர்கள் மீன் பிடிக்க வருகிறார்கள். இவர் காரணம் பிடிக்க வருகிறார். அதில் வெறுங்கையோடு திரும்பியதே இல்லை.

கிரீன்வெல்ஸ் குளோரியை எடுத்தால் கதையும் கூடவே வரும். 1854இல் டர்ஹாம் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல், ட்வீட் ஆற்று மீனுக்கென்று ஜேம்ஸ் ரைட்டிடம் சொல்லிக் கட்டவைத்த ஈ அது. கதை ரைட்டின் வீட்டு வாசலை எட்டுவதற்குள் மருத்துவரின் கோல் வளைந்துவிட்டது. “அசையாதீர்கள், முடித்துவிடுகிறேன்” என்றார் இவர். கதையைத்தான்.

படகு தீவுக் கோட்டையைக் கடந்தது. ஸ்காட்லாந்து ராணி மேரியை 1567இல் சிறைவைத்த இடம். மறு ஆண்டு மே மாதம் அவள் படகேறித் தப்பினாள்.

“அன்று காற்று சரியாக இருந்திருக்கிறது” என்றார் பொறாமையோடு.

மாலையில் கரையில் கணக்கெடுத்தார்கள். மருத்துவருக்கு மூன்று, அளந்து தண்ணீரிலேயே விட்டுவிட்டாராம்.

“எந்த ஈ?”

“பெயர் தெரியாது. கறுப்பாக இருந்தது. காலையில் கட்டியதுதான், மாற்றத் தெரியவில்லை.”

நம்மவர் அந்த ஈயை வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்று மீன் கடிக்கும் நாளே இல்லை. இவை மூன்றும் விவரம் கெட்ட மீன்கள்.”

குளிர்காலத்தில் புதியவர்களுக்கு மன்றம் வகுப்பு நடத்துகிறது. பாடம்: மாறும் வானிலையில் ட்ரவுட். ஆசிரியர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருப்பவர் அந்தப் பல் மருத்துவர்.