அவுஸ்பார்ட் ஊரைக் காணோம்

பெறுநர்: வழிகாட்டிப் பலகைகளுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள், ஜெர்மனி.
பொருள்: அவுஸ்பார்ட் என்னும் ஊரைக் கண்டுபிடித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: என் மூக்குக்கண்ணாடி வழியாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பிராங்க்பர்ட்டிலிருந்து மியூனிக் வரை சுமார் 400 கிலோமீட்டர் வாடகைக் கார் ஓட்டினேன். வூர்ஸ்பர்க் வந்தது, போனது. நியூரம்பர்க்கும் அப்படியே. அவுஸ்பார்ட் மட்டும் விடாமல் கூடவே வந்தது. சிறிது தூரத்துக்கு ஒருமுறை அதே பெயர், வலப்பக்கம் ஓர் அம்புக்குறி. "இத்தனை ரோடு போகுதுன்னா பெரிய ஊராத்தாங்க இருக்கும். ஒரு எட்டு பாத்துட்டுப் போலாமே" என்றாள் என் மனைவி. மூன்று முறை திரும்பினோம். மூன்று முறையும் பெட்ரோல் பங்குதான் இருந்தது. அவுஸ்பார்ட் என்றால் 'வண்டி வெளியேறும் வழி' என்று மூன்றாவது பங்கில் ஒரு பையன் சொன்னான். அவனை நாங்கள் நம்பவில்லை.

மியூனிக்கில் காரை நிறுத்தியதும் தெருப் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் கவனமான ஆள். 'ஐன்பான்ஸ்ட்ராபே'. கடைசியில் வயிறு தள்ளிய எழுத்து ஒன்று இருந்தது. அது 'பி' இல்லையாம், 'எஸ்'ஸாம். மாலையில் வழி கேட்டபோது மூன்று பேர் மூன்று திசையில் கை காட்டினார்கள். மூவர் சொன்னதும் சரிதான்: அது 'ஒருவழிப் பாதை'. தெருப் பெயரை அம்புக்குறிக்குள் ஏன் எழுதியிருக்கிறார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கழிப்பறைக் கதவில் 'ஹெர்' என்று தொடங்கிய சொல்லை நம்பி என் மனைவி உள்ளே போனதையும், போனதைவிட வேகமாக வெளியே வந்ததையும் இங்கே விரிக்க விரும்பவில்லை.

ஓட்டல் தாழ்வாரத்தில் 'நோட்டவுஸ்காங்'. முதல் மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் படித்து, 'இந்த வழியே போகக் கூடாது' என்று முடிவு செய்தேன். பக்கத்திலேயே, யுகியோ ஓட்டா என்னும் ஜப்பானியர் வரைந்த பச்சை மனிதன் ஓடிக்கொண்டிருந்தான். சட்டத்தை மீறுகிறான் பாவி என்று நினைத்தேன். அவசரகால வழியாம்! தீப்பிடித்திருந்தால் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சாம்பலாகியிருப்பேன்.

பூங்காவில் எலிக்கு வைத்த பெட்டி மேல் 'கிஃப்ட்' என்றிருந்தது. உங்கள் மொழியில் விஷம். சீதனத்துக்கு நீங்கள் சொல்வது 'மிட்கிஃப்ட்' என்று பிறகு தெரிந்தது. இந்த ஒரு சொல்லில் மட்டும் நீங்கள் எங்களைவிட நேர்மையானவர்கள்.

ஐயா, எங்கள் ஊர் கான்வென்ட்டில் ஏ, பி, சி, டி என்றாலே ஆங்கிலம் என்றுதான் கற்பித்தார்கள். அந்த எழுத்துகளை எடுத்து வேறு மொழி எழுதுவது விருந்தாளியை ஏமாற்றுவதாகும். உங்கள் நாட்டில் உங்கள் மொழியிலேயே எழுதுவேன் என்று என்ன பிடிவாதம்? எல்லாப் பலகைகளிலும் ஆங்கிலம் எழுத உடனே ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 1950களில் ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். இந்த மனுவைப் படித்தால் அவர் என்ன சொல்வார் என்று என் மனைவி கேட்கிறாள். அது இங்கே தொடர்பற்றது.

இப்படிக்கு,
ஒரு சுற்றுலாப் பயணி

பி.கு.: கார் கிடைத்துவிட்டது. கண்ணாடியில் ஒரு வரவேற்பு மடல் செருகியிருந்தது. அதில் என் வண்டி எண்ணும், யூரோவில் ஒரு தொகையும் இருக்கின்றன. அத்தொகையை எப்போது அனுப்பிவைப்பீர்கள்?