வாங்கிய முதலிடம்

பிற தளங்கள் ஒரு பக்கத்துக்குத் தரும் இணைப்புகளைப் பரிந்துரைகளாக எண்ணித்தான் கூகுள் வரிசை போடத் தொடங்கியது. பரிந்துரைக்கு மதிப்பு வந்ததும் அதற்குச் சந்தையும் வந்தது. 2010 இறுதியில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என எதைத் தேடினாலும் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடை முன்னால் நின்றது. சாம்சோனைட் பெட்டியைத் தேடியவர்களுக்குச் சாம்சோனைட்டுக்கே முன்னால் வந்தது. துணிமணியோடு ஒட்டும் உறவும் இல்லாத ஏராளமான தளங்களுக்கு அந்தக் கடைமேல் அப்படியொரு திடீர்ப் பாசம். 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இந்த விலைக்கு வாங்கிய இணைப்புகளை அம்பலப்படுத்தியது. கூகுள் கடையைப் பின்னுக்குத் தள்ளியது. தனக்கு ஒன்றுமே தெரியாதென்ற கடை, தன் தேடுபொறி ஆலோசனை நிறுவனத்தை வெளியே அனுப்பியது. கிறிஸ்துமஸ் விற்பனை அதற்குள் இனிதே முடிந்திருந்தது.

2006இல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளம், தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டியதால் கூகுள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. சில நாட்களில் திரும்பியும் விட்டது. சிறு கடைக்காரருக்கு மன்னிப்பு இத்தனை விரைவாகக் கிடைப்பதில்லை.

2012 ஜனவரியில் காசு கொடுத்து வாங்கிய இணைப்போடு சிக்கியது கூகுளின் சொந்தக் குரோம் பக்கம். கூகுள் கூகுளுக்கு 60 நாள் தண்டனை விதித்தது. முடிவுகளுக்கு மேலே விளம்பர இடம் வாங்குவது மட்டும் குற்றமில்லை. அந்தக் காசு கூகுளுக்கே போகிறது.