மேனேஜர் ஆகிப் பார்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்களே, அவர்கள் யாருக்கும் ப்ரமோஷன் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சிவனே என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, ஒரு நல்ல நாள் பார்த்து ஃபேக்டரி மேனேஜர் ஆக்கிவிட்டார் முதலாளி. பழைய மேனேஜர் ரிட்டையர் ஆனார், பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். தகுதி அவ்வளவுதான். இனிமேல் தலைமைப் பண்பு வேண்டுமே! புத்தகங்களாக வாங்கிக் குவித்தேன்.

முதல் பண்பு, காது கொடுத்துக் கேட்பது. கார்ல் ராஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1957-லேயே இதற்கு இலக்கணம் எழுதிவிட்டார்கள். எதிரில் இருப்பவர் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்லி, புரிந்தது சரிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபேக்டரியில் இறங்குமுன் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். "ஆக, கேஸ் தீர்ந்துபோச்சு, புக் பண்ணோணும்னு சொல்ற. சரிதானே?" என்று குழைந்தேன். "முந்தாநாளே சொன்னேனுங்க" என்றாள் மனைவி. அன்று இரவு ஹோட்டல் பார்சல்.

அடுத்தது, அறைக்குள் அடைந்து கிடக்காமல் ஆட்களிடையே நடமாடுவது. ஹியூலெட் பேக்கர்டு கம்பெனியின் வழக்கம் இது. டாம் பீட்டர்ஸும் ராபர்ட் வாட்டர்மேனும் 1982-இல் புத்தகத்தில் எழுதப்போய் ஊரெல்லாம் பரவியது. நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லேத் பக்கம், வைண்டிங் பக்கம், பெயின்ட் பக்கம் என்று காலையும் மாலையும் உலாத்தினேன். ஆட்கள் மனம் திறந்து பேசுவார்கள் என்று போட்டிருந்தது. பேசினார்கள். வைண்டிங் பண்ணும் அம்மா ஒருநாள் கவலையோடு கேட்டார்: "சுகர் எவ்வளவுங்க சார் இருக்குது?"

அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2004-இல் பெரிய அதிகாரிகள் கூட்டத்திலிருந்து பவர்பாயின்டை விரட்டினார். விஷயத்தை ஆறு பக்கத்துக்குள் எழுதிக்கொண்டு வர வேண்டும், கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் வாய் திறக்காமல் அதைப் படிக்க வேண்டும். நானும் ராக்கண் முழித்து ஆறு பக்கம் எழுதினேன். சூப்பர்வைசர்கள் மொத்தப் பேரும் உள்ளே உட்கார்ந்து படிக்க, வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்படியொரு அமைதியை எங்கள் ஃபேக்டரி கண்டதே இல்லை. கரண்ட் போய்விட்டது என்று வாட்ச்மேன் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்.

டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ என்று ஒரு மகான் இருந்தார். எது கெட்டாலும் ஐந்து தடவை 'ஏன்' கேள் என்பார். மெஷின் நின்றது. ஏன்? ஃபியூஸ் போயிருக்கிறது. ஏன்? லோடு தாங்கவில்லை, பேரிங்கில் எண்ணெய் இல்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத்தூள் உள்ளே போயிருக்கிறது. வடிகட்டியைப் போடாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் மறுபடி போகும். ஆஹா என்று கிளம்பினேன்.

"லேத் ஏன் நின்னுது?"

"பெல்ட் அறுந்துபோச்சுங்க."

"ஏன்?"

"பழசுங்க."

"ஏன் புதுசு போடலை?"

"ஸ்டோர்ல இல்லீங்க."

"ஏன் வாங்கலை?"

"பர்ச்சேஸ் பேப்பர்ல கையெழுத்து ஆகலீங்க."

"ஏன் ஆகலை?"

ஃபோர்மேன் அண்ணன் தரையைப் பார்த்தார். "நீங்க ஆறு பக்கம் எழுதிட்டு இருந்தீங்க சார்."

மிச்சமிருந்தது பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது. ஆளறிந்து வேலையைக் கொடு, கொடுத்தபின் அவனிடமே விட்டுவிடு என்று வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தில் சொல்லியாயிற்று. கையெழுத்து, ஸ்டோர் சாவி எல்லாவற்றையும் ஃபோர்மேன் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். முகூர்த்தம் முடிந்தது, பந்தி முடிந்தது, போன் வரவில்லை. ஒருவேளை டவர் இல்லையோ என்று நானே கூப்பிட்டேன். "ஏதாச்சும் அவசரமுங்களா சார்? இங்க வேலை ஓடிட்டிருக்குது" என்றார் அண்ணன், கொஞ்சம் அலுப்போடு.

திரும்பி வந்ததும் முதலாளி கூப்பிட்டுத் தோளைத் தட்டினார். "பேஷ்! நீங்க இல்லாமலே எல்லாம் கனகச்சிதமா நடக்குதுங்க." வீட்டுக்கு வந்து படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. அது பாராட்டா, நோட்டீஸா?

மறுநாள் முதல் ஸ்டோர் சாவி மட்டும் சாயங்காலமானால் என்னோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. காலையில் நான் போனால்தான் போல்ட் முதல் பெல்ட் வரை எதுவும் வெளியே வரும். இந்தப் பண்பை மட்டும் எந்தப் புத்தகத்திலும் காணோம். பெரிய மேனேஜர்கள் இதையெல்லாம் வெளியே சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது.