லாயத்து மாப்பிள்ளை

டிரெஸ்ஸாஜ்காரர்களைப் பற்றி மற்ற குதிரைக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் காது கூசும். வெள்ளைக் கால்சட்டை கசங்காதவர்கள், குதிரையைவிடக் கூடத்துக் கண்ணாடியை அதிகம் பார்க்கிறவர்கள், வட்டம் சுற்றியே வயசானவர்கள். தடை தாண்டும் கோஷ்டிக்கு இவர்கள் பயந்தாங்கொள்ளிகள். இவர்களைக் கேட்டால், தடை தாண்டுகிறவர்களுக்குக் குதிரையைத் திருப்பவே தெரியாது. ஐஸ்லாந்துக் குதிரைக்காரர்களோ பீர் கோப்பையைத் தளும்பாமல் ஏந்திச் சவாரி போவது யார் என்று போட்டி வைத்துக்கொண்டு, அவர்கள்பாட்டுக்கு ஆனந்தமாக இருக்கிறார்கள்.

ஜெர்மனியில் மூன்ஸ்டர் பக்கத்து லாயமொன்றில், மகள் புண்ணியத்தில், சில வருஷமாக வாளி தூக்குகிறவன் நான். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மிடுக்கு லாயத்து வாசல்வரைக்கும்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. உள்ளே ஒரே ஒரு பெரிய மனுஷன்தான். அவனுக்கு நாலு கால்.

டிரெஸ்ஸாஜ் என்றால் என்ன என்று மதுரையிலிருந்து என் மாமனார் போனில் கேட்டார்.

"குதிரை வேகமா ஓடணுமா மாப்ளே?"

"இல்லீங்க மாமா."

"தாண்டணுமோ?"

"அதுவும் இல்லீங்க. நின்ன இடத்துலயே ஓடணும். பியாஃப்னு பேரு. ரொம்பப் பெரிய வித்தை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நம்ம பக்கம் கல்யாண ஊர்வலத்துல குதிரை ஆடுமே. ரெண்டு கொட்டு அடிச்சாப் போதும். இதுக்கா மாசாமாசம் பணம் கட்டுறீங்க?"

நியாயமான கேள்வி. 2010இல் டோட்டிலாஸ் என்ற கறுப்புக் குதிரை ஹாலந்திலிருந்து ஜெர்மனிக்கு விலைபோனபோது ஒரு கோடி யூரோ என்று பேசிக்கொண்டார்கள். அவ்வளவு கொட்டிக் கொடுத்து வாங்கிய குதிரை, இடத்தைவிட்டு நகராமல் ஓடுவதில் கெட்டி. மாமனாரும் பிற்பாடு கட்சி மாறிவிட்டார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 41 வருஷத்துக்குப் பிறகு நமக்குக் கிடைத்த தங்கம். அணியில் ஒருவரான அனுஷ் அகர்வல்லா ஜெர்மனியில் பயிற்சி எடுத்தவர் என்று பேப்பரில் படித்துவிட்டு, "செலவைப் பார்க்காதீங்க மாப்ளே" என்றார். எனக்கு இருந்த ஒரே ஆதரவும் போயிற்று.

மைதானம் 60க்கு 20 மீட்டர். ஓரமெல்லாம் எழுத்துப் பலகைகள். சின்ன மைதானத்தில் எட்டு: ஆ, கா, ஏ, ஹா, ட்சே, எம், பே, எஃப். ஏன் இந்த வரிசை என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு, ஆதாரம் கிடையாது. ஜெர்மன்காரர்கள் ஒரு விஷயத்தைக் காரணம் கேட்காமல் ஒப்புக்கொண்டது, எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நட்ட நடுவில் 'இக்ஸ்' என்று ஒரு புள்ளி. அதற்குப் பலகையும் இல்லை, தரையில் கோடும் இல்லை. ஆனால் உள்ளே வந்ததும் கச்சிதமாக அங்கே நின்று நடுவருக்கு வணக்கம் வைக்க வேண்டும். தள்ளி நின்றால் மார்க் போச்சு.

இந்தக் கெத்துக்குப் பரம்பரை உண்டு. 1912இல் ஒலிம்பிக்குக்குள் வந்த டிரெஸ்ஸாஜில் 1948வரை சாதாரணச் சிப்பாய்க்கும் இடமில்லை, பெண்ணுக்கும் இடமில்லை. 1948 லண்டனில் ஸ்வீடன் அணி தங்கம் வாங்கியது. அதில் இருந்த கேநெல் பெர்சன் சார்ஜென்ட். போட்டிக்காக அவரை லெப்டினன்ட் ஆக்கி, முடிந்த கையோடு பழையபடி இறக்கிவிட்டார்கள். விஷயம் கசிந்து மறுவருஷம் பதக்கம் பறிபோயிற்று. அப்புறம் விதியைத் தளர்த்தினார்கள். 1952இல் அதே பெர்சன் அணியோடு மறுபடி தங்கம் வாங்கினார். அந்த வருஷமே டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், ஆண்களோடு மோதி வெள்ளி வென்றார். குதிரைக்கு மட்டும் யார் லெப்டினன்ட், யார் சார்ஜென்ட் என்ற அக்கறை என்றைக்குமே இருந்ததில்லை. எல்லாரும் தனக்கு வாளி தூக்குகிறவர்கள்தான்.

தலைதீபாவளிக்கு மாமியார் வீட்டில் எனக்கு நடந்த உபசாரத்தை ஊரே பேசியது. எங்கள் லாயத்துக் குதிரைக்கு நடப்பதைப் பார்த்தால் அதெல்லாம் வெறும் தண்ணீர்ச் சொம்பு. அது எங்கள் குதிரைகூட இல்லை. ஒரு பள்ளிக்கூட ஆசிரியையுடையது. மாதம் ஒரு தொகை கொடுத்தால் வாரத்தில் சில நாள் மகள் ஏறிக்கொள்ளலாம், மறக்காமல் லத்தியும் அள்ளலாம். அதற்குப் பல் வைத்தியர் ஒருவர், லாடம் அடிக்க ஒருவர், சேணம் முதுகில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க ஒருவர், உடம்பைப் பிடித்துவிட ஆஸ்டியோபாத் அம்மா ஒருவர். எனக்கு எலும்பு டாக்டரிடம் தேதி கேட்டால் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். இது ஒருநாள் ஒருபக்கமாகக் கொட்டாவி விட்டது; வியாழக்கிழமையே அந்த அம்மா வந்து நின்றார்.

அக்டோபர் பிறந்தால் போர்வைச் சண்டை. குதிரைப் போர்வைக்குக் கனம் கிராம் கணக்கில்: 50, 100, 200, 300. சாயங்காலம் ஆனதும் லாயத்து வாட்ஸ்அப் குழுவில் கச்சேரி ஆரம்பம். ராத்திரி 4 டிகிரியாம், நூறா, இருநூறா? குதிரைக்கு ஆண்டவன் கொடுத்த ரோமமே போதும் என்பது ஒரு கட்சி. ரோமம் மழித்த குதிரையைப் போர்த்தாமல் விடுவது கொலைபாதகம் என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. மழைக்கு ஒன்று, வியர்வைக்கு ஒன்று, ஈக்கு ஒன்று என்று மாப்பிள்ளையின் அலமாரி பிதுங்குகிறது. என்னிடம் இருக்கும் குளிர்கோட்டுக்கு ஜிப் போய் நாளாயிற்று.

சேணத்துக்கு அடியில் போடும் துணி, காலில் சுற்றும் பேண்டேஜ், காதுக்கு மாட்டும் குல்லா, ஏறி உட்காருகிறவளின் சட்டை, எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். சீசனுக்கு சீசன் நிறம் மாறும். போன சீசன் கத்தரிப்பூ நிறத்தில் வருகிறவளை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டால் தப்பு பெண் வீட்டார் மேல்தானே? குதிரை துள்ளினால் பயிற்சியாளர் அம்மா மகளைப் பார்த்துத்தான் கத்துவார். "கையில என்ன கல்லா வெச்சிருக்கே? ஹால்பே பராடே எங்கே?" உட்கார்ந்தபடியே முதுகாலும் காலாலும் கையாலும் ஒரு நொடி "கொஞ்சம் கவனி" என்று குதிரையிடம் கேட்டுக்கொள்வதுதான் ஹால்பே பராடே. குதிரை பறந்தால் அதுதான் மருந்து. சோம்பினால், கோணினால், காற்றில் பறந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்து மிரண்டால், எல்லாவற்றுக்கும் அதே மருந்து. கிரிக்கெட்டில் அவுட்டானவன் மட்டையைத் திருப்பிப் பார்ப்பான். இங்கே கீழே விழுந்தவள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, குதிரையின் கழுத்தைத் தடவி மன்னிப்புக் கேட்கிறாள். இவர்களிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

எல்லாரும் அப்படி என்று சொல்லவும் வாய் வரவில்லை. வலேக்ரோ என்ற குதிரை மேல் ஏறி 2014இல் 94.3 சதவீதம் வாங்கி உலக சாதனை படைத்த ஷார்லட் டுஜார்டின், பயிற்சி கொடுக்கும்போது ஒரு குதிரையைச் சவுக்கால் திரும்பத் திரும்ப அடித்த வீடியோ வெளியானதில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகினார். ஒரு வருஷத் தடையும் வந்தது. அந்த வாரம் எங்கள் லாயத்துக் குழுவில் நிறத்தைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை.

போட்டி நாளில் மகளுக்கு வெள்ளைக் கால்சட்டை, குதிரை வாயில் பச்சை நுரை. இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு பதவி உண்டு. அந்தப் பதவிக்கு ஜெர்மன்காரர்கள் 'போட்டி மண்டு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேர் போட்ட டிசர்ட்டே விற்கிறது. என் பிறந்தநாளுக்கு வீட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். தோளில் பை, பைக்குள் ஈரத்துணி, பூட்ஸ் பிரஷ், சர்க்கரைக் கட்டி. "அப்பா, துடைங்க! அங்க இல்லப்பா, வாய்ல!" ஆரம்ப வகுப்புகளில் நடுவர் தீர்ப்பை ஒலிபெருக்கியிலேயே வாசிப்பார். "அழகான குதிரை. கை இன்னும் அமைதியாக இருக்கலாம். 6.2." பாராட்டு மாப்பிள்ளைக்கு, குறை எங்களுக்கு.

போன குளிர்காலத்தில் வைக்கோல் கட்டைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆஸ்டியோபாத் அம்மா அன்றைக்கு மாப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். மகள் விடவில்லை. "எங்க அப்பாவையும் ஒரு தடவை பாருங்களேன்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். லாயத்து நடையில் நேராக நடக்கச் சொன்னார். நடந்தேன். திரும்பி வரச் சொன்னார். வந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் மகளிடம் சொன்னார்: "இடது பின்பக்கம் இறுகியிருக்கு. கொஞ்சம் ஓடவிட்டுப் பார்க்கணும்."

மகள் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். திரும்பி வந்து நின்றதும், பழக்கதோஷம், பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.