கிரைண்டரை எடு மாப்பிள்ளே!

பிரிக்பீல்ட்ஸ் சந்துல, உன் பட்டறை வாசல்ல அந்த ஆஸ்டின் செவன் கார் குந்திக் கெடக்குதாமே மாப்பிள்ளே? பின்பக்க ஸ்பிரிங் பட்டை ரெண்டாப் போச்சாம். கவலையே படாதே. கிரைண்டரை எடு, உடைஞ்ச முகத்தைப் பளபளன்னு தேய், வெல்டிங்கை வை, கறுப்புச் சாயத்தை அடி. ஏன் உடைஞ்சதுன்னு ஒருத்தனும் கேட்டுடக் கூடாது, பாரு!

கேட்டுக் காலத்தை வீணாக்குனவங்க உண்டு. பிரஷ்யாவுல ஆகஸ்ட் வோலர்னு ஒரு ரயில்வே இன்ஜினியர். 1850, 60-கள்ல வருஷக் கணக்கா அச்சுகளைச் சுத்த விட்டுச் சுமை ஏத்திப் பார்த்தாரு. ஒரு தடவை ஏத்துனா தாங்குற சுமைதான், லட்சம் தடவை வந்து வந்து போனா இரும்பை உடைக்கும்னு கண்டுபிடிச்சாரு. நீயா இருந்தா ஒரே மத்தியானத்துல ஒட்டி அனுப்பியிருப்பே.

ரோல்ஸ் ராய்ஸ்காரங்க அதுக்கும் மேலே. 1907-ல சில்வர் கோஸ்ட்டை 15,000 மைல் ஓட்டி, அப்புறம் அக்குவேறு ஆணிவேறாக் கழட்டி அளந்தாங்க. தேய்ஞ்ச சாமானை மாத்த ரெண்டு பவுண்டும் சில்லறையும்னு கணக்கு வந்துச்சு. நல்லா ஓடுற காரைக் கழட்டுறதாவது! நாம உடைஞ்சதையே பார்க்குறதில்லே.

கிரைண்டருக்கு வயர் தேடுற நேரத்துல, அந்த முகத்தைச் சும்மா வெயில்ல சாய்ச்சுப் பாரேன். ஒரு ஓரம் வழவழன்னு, மோரிப் கடற்கரையில அலை பின்வாங்குன கோடு மாதிரி வளைவு வளைவா இருக்கும். அங்கேதான் விரிசல் நாள் கணக்கா ஊர்ந்திருக்கு. நம்ம ஊரு ஈரக்காத்துல துருவும் ஏறியிருக்கும். சொரசொரன்னு இருக்குற மீதி, கடைசி நொடியில முறிஞ்சது. சொரசொரப்பு கொஞ்சூண்டுன்னா சுமை மேல பழி போடாதே. விரிசலை ரொம்ப நாளா எவனும் பார்க்கலே. சொரசொரப்பே பெரும்பாகம்னா, கிள்ளான் துறைமுக லோரிச் சுமையை அந்தக் குட்டிக் கார் மேல ஏத்தியிருக்காங்க.

கோடுகளைப் பின்னாலேயே தேடிப் போனா ஆரம்ப இடம் கிடைக்கும். இந்தக் காருக்குப் பின்பட்டை ஒரு முனையில சாசியோட முடுக்கியிருக்கும், மறுமுனை அச்சைப் பிடிச்சிருக்கும். ரோட்டுக் குலுக்கல் பூரா சாசியை விட்டுப் பட்டை வெளியே வர்ற இடத்துலதான் விழும். அங்கே ஒரு துருக்குழி போதும். உன்னை மாதிரி ஒரு கைகாரன் விட்ட கிரைண்டர் தழும்பும் போதும்!

வெல்டிங்கா? தாராளமா வை. ஸ்பிரிங் எஃகு பதம் பார்த்துச் செஞ்சது. உன் சூடு அந்தப் பதத்தைக் கெடுக்கும். அடுத்த முறிவு ஒட்டுக்குப் பக்கத்துலேயே வரும். வாடிக்கைக்காரனும் உன்கிட்டேயே வருவான்.

கிள்ளான் பக்கம் 1886-லேயே ரயில் ஓடுன சீமை இது. சக்கரத்தைச் சுத்தியால தட்டி, சத்தம் மந்தமா வந்தா விரிசல்னு ஒதுக்கி வச்ச ரயில்காரங்களுக்கு உன் சாமர்த்தியம் இல்லே, பாவம்.

போகட்டும். புதுப் பட்டையே போடு. பழைய துண்டு ரெண்டையும் ஒட்ட வச்சுப் பார்க்காதே, முகம் உரசி அடையாளம் போயிடும். எண்ணெய் தடவித் தனித்தனியா எடுத்து வை. காரை வாங்க வர்றவன் கேட்டா எடுத்துக் காட்டு. கேட்கலேன்னா, விலையைக் கொஞ்சம் ஏத்திச் சொல்லு.